ஜோடிப் பலகை

தேனியில் பலாமரத்தில் கிட்டார் செய்கிறவன் நான். முதுகுப் பக்கத்துக்கு, மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகளை ஒட்டினால்தான் ரேகை பொருந்தும்.

எனக்கென்று ஒரு கிட்டார் செய்ய, தேவாரம் ஊரிலிருந்த எங்கள் பூர்வீக வீட்டுப் பலாவின் பலகைகளைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒன்றுகூட ஜோடி சேரவில்லை. சொத்தைப் பிரித்தபோது அண்ணனும் நானும் அந்த மரத்தையும் அறுத்து, ஆளுக்கொரு பலகையாக மாற்றி மாற்றி எடுத்திருந்தோம். அவ்வளவு நியாயம் எங்களுக்கு! என் ஒவ்வொரு பலகைக்கும் ஜோடி அண்ணனிடம் இருந்தது.

அன்றோடு பேச்சும் நின்றிருந்தது. வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன்.

"அண்ணே, அந்தப் பலாப் பலகை..."

"ஏலே, அதெல்லாம் கட்டிலாயிருச்சு. வேணும்னா வந்து படுத்துட்டுப் போ."

கிட்டார் கிடக்கட்டும். அந்தக் கட்டிலில், அண்ணன் பக்கத்தில், ஒரு ராத்திரி தூங்கினால் போதுமென்று இருக்கிறது.