பஞ்சு வைத்த சீட்

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதிலிருந்து உட்காரும் இடம் வலிக்கிறது. காந்திபுரத்தில் சைக்கிள் கடைக்காரர் ஒரு தடித்த சீட்டை எடுத்து வைத்தார். "அழுத்திப் பாருங்க சார், மெத்தையாட்டம் இருக்கும்." கட்டைவிரல் முழுதாக உள்ளே போனது. சிறுவயதில் எங்கள் சூலூர் வீட்டில் நான் அழுத்திப் பார்த்த சீட்டும் அப்படித்தான் அமுங்கியது.

அம்மா அப்போதுதான் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்தப் பாதையில் பஸ் கிடையாது. சைக்கிள் ஓட்ட முடியாவிட்டால் வேலையும் இல்லை. வீட்டிலிருந்த சைக்கிளின் தோல் சீட்டோ கல்லாக இருந்தது. அப்பா பஞ்சு மில் தொழிலாளி. மில்காரர்களுக்கு எந்த வலிக்கும் பஞ்சுதான் வைத்தியம். கழிவுப் பஞ்சைச் சீட்டின் மேல் குவித்து, தலையணை உறையைப் போட்டு இறுக்கித் தைத்தார்.

சீட் உயர்ந்துவிட்டது, அம்மாவுக்குக் கால் தரையில் எட்டவில்லை. பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கட்டிதட்டியது. மாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, சைக்கிள மேய்ச்சுட்டு வாரீங்களா?"

அப்பா தயங்கினார். "வேலைய உட்டுப்போடலாமா?"

"வேலைய உடமாட்டேனுங்க. உங்க பஞ்சத்தான் உட்டுப்போடோணும்."

அம்மா கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தார். அப்பா ஸ்பேனரை எடுத்துச் சீட்டைத் தாழ்த்தினார்.

கடைக்காரரிடம் கெட்டியான சீட்டையே கேட்டேன். பழக நாளாகும் என்று எச்சரித்தார். அம்மாவுக்கும் நாளானது. ஆனால் தையலைப் பிரித்த மறுநாள் காலையிலேயே அந்தக் கல் சீட்டில் ஏறி, பக்கத்து வீட்டைக் கடக்கும்போது, எதிரே யாரும் இல்லாத தெருவில் விடாமல் மணி அடித்துக்கொண்டு போனார்.