ஊசி போட்டதும் எள்ளுருண்டை தின்றதும்

தொண்ணூறுகளின் நடுவில் மதுரை செல்லூரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வீட்டிலேயே கைத்தறி, வீட்டுக்காரரும் மாமியாரும் நெய்வார்கள், நான் நூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுப்பேன். இரண்டாவது பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல், பிழைத்ததே பெரும்பாடு. இனி சில வருடமாவது கர்ப்பம் கூடாது என்று கே.கே. நகர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு உடம்பில் தெம்பில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருப்பதாகச் சொல்லி அவரே போட்டுவிட்டார். பிறந்த இரண்டும் பெண். பேரனுக்கு ஏங்குவார் என்று நினைத்து மாமியாரிடம் நாங்கள் மூச்சுக் காட்டவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் இது மறைக்கிற விஷயமா? மாதவிலக்கு நாட்களில் தறிப் பக்கமும் அடுப்படிப் பக்கமும் போகக் கூடாது. கொல்லைப்புறத்தில் தனிப் பாய், தனித் தட்டு. ஊசி போட்ட புதிதில் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. பாயைச் சுருட்டவே வழியில்லை. பிறகு அடியோடு நின்றுபோனது. உடம்பு வேறு ஊதி, ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைத்தேன். குழாயடியில் விடுவார்களா? "என்ன மதினி, நீங்க ஒதுங்கிப் பாத்தே நாளாச்சு, மூணாவதா?" என்று கேலி பேசினார்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் ஊசி பலிக்கவில்லையோ, மறுபடி பிரசவத்துக்குப் போனால் உயிரோடு திரும்புவேனோ என்று தூக்கமே போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் மாமியார் எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருட்டித் தர ஆரம்பித்தார். அப்புறம் பப்பாளி. இரண்டும் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது, கரு தங்காது என்பார்கள் எங்கள் பக்கத்தில். பேரன் வேண்டும் என்பவர் இதை எதற்குத் தருகிறார்? கேட்கப் பயந்து, கொடுத்ததைத் தின்றேன்.

பொறுக்க முடியாமல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். பரிசோதித்துவிட்டு, "கர்ப்பமெல்லாம் இல்லம்மா. இந்த ஊசிக்கு சிலருக்கு இப்படி நின்னுபோகும், எடையும் கூடும். ஊசிய நிறுத்தினாலும் பழையபடி வர பல மாசம் ஆகலாம்" என்றார் சாதாரணமாக. போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும் வந்தது. இதை முதல் ஊசியின்போதே சொல்லியிருந்தால் என்னவாம்?

வந்தது வரட்டும் என்று, அன்றைக்கே மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன தாயி? நீ உண்டாயிட்டேன்னு நெனச்சு அம்புட்டு பயந்து கெடந்தேன். அதான் எள்ளக் குடுத்தேன். பேரனென்ன பேரன், நீ நல்லாருந்தாப் போதும்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டார். நான் செத்துவிடக் கூடாதே என்று என்னைப் போலவே இன்னொருத்தியும் அதே வீட்டில் தூங்காமல் கிடந்திருக்கிறாள், அது தெரியாமல் அவருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனே என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்வேன்.