எதிர்க்கட்சி இல்லாத வீடு

ரயில் தாமதமான ஒரு மதியம், மொரப்பூர் ஸ்டேஷனில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் அரசியலமைப்புப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவராம். தேய்த்த வெள்ளைச் சட்டை. பட்டன்களை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார்.

சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கினார். யாருமில்லாத இடப்பக்கம் திரும்பி, சற்றுக் காத்திருந்துவிட்டுத்தான் குடித்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"பிரிட்டன்ல எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்குதுங்க. நம்ம நாட்லயும் அப்படித்தான். எதுக்குன்னு நினைக்கறீங்க?"

தெரியவில்லை என்றேன்.

"வேண்டாம்னு சொல்றதுக்குங்க. அப்படிச் சொல்ல ஆளில்லைன்னா எந்த ஆட்சியும் கெட்டுப்போயிரும். எனக்கு சுகர் இருக்குதுங்க. சம்சாரம் இருந்தவரைக்கும் இந்த மாதிரி டீயைக் கண்ணுல காட்டாது. அது போனதுக்கப்புறம் வூட்ல நான் வெச்சதுதான் சட்டம்."

இன்னொரு டீ வாங்கினார், அதே சர்க்கரையோடு. இந்த முறை என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். முன்பின் தெரியாத பெரியவரிடம் நான் என்ன சொல்ல?

"சாப்பிடுங்க சார்."

"நீங்களும் ஆளுங்கட்சிதானுங்களா?" என்று சிரித்தார்.

ரயில் வரும்வரை அந்த டீயை அவர் குடிக்கவில்லை. கீழே வைக்கவும் இல்லை.