மிலிட்டரி சட்டை போட்ட சித்தாள்

அம்சாக்கா இறந்த செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த, அவரோடு சித்தாள் வேலை பார்த்த சரோஜா, "நம்ம அம்சா போயிடுச்சு சார். மஞ்சக்காமாலை. போன வாரம் வரைக்கும் கல்லு தூக்கினுதான் இருந்துச்சு" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார், வேலைக்கு நேரமாகிவிட்டது. சித்தாள் செத்தால் பேப்பரில் நாலு வரி வராது. அதனால் அவரோடு செங்கல் சுமந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எமர்ஜென்சி முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் கட்டினார்கள். அங்கே நான் ஸ்டோர் கிளார்க். சிமெண்டு மூட்டைகளைப் பார்த்துக்கொள்வதும் காலையில் ஆட்களின் பெயரை எழுதுவதும் என் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேரடி வீதியில், பழைய ராணுவச் சட்டைகளும் காக்கிகளும் விற்கும் நடைபாதைக் கடையில், எங்கள் லாட்ஜ் வேலையில் சித்தாளாக இருந்த அம்சாக்காவைப் பார்த்தேன். ஒரு பச்சைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"இன்னாம்மா, சட்டை வாங்க வந்தியா, டிரில் பண்ண வந்தியா?" என்றார் கடைக்கார பாய்.

"உன் பட்டாளத்தான் துப்பாக்கி தூக்கினான் பாய். நான் சாந்து தூக்கறேன். கை மேல போனா சட்டையும் மேல போகுது பாரு. இன்னும் நீளமா குடு."

சட்டை எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாரத்தில் ஏறும் பெண்களைக் கீழே நின்று பார்த்து கான்ட்ராக்டர் அடிக்கும் கமெண்டுகளை நான் தினமும் கேட்டவன். சிரித்தும் இருக்கிறேன்.

"சாதா சட்டை ரெண்டு மாசத்துல கிழிஞ்சிடும் தம்பி. கீழ நிக்கிறவன் கண்ணு கிழியாது" என்றார் அக்கா.

அதே குவியலில், ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரன் முழங்கை கிழிந்த கோட்டாகத் தேடிக்கொண்டிருந்தான். பாய் நல்ல கோட்டை நீட்டினால் வேண்டாமென்று தலையாட்டினான். "கிழிஞ்சதுதான் வேணுமாம்கா" என்றேன். "எங்க தெருவுக்கு இட்டுனு போ. வீடு வீடா எடுத்துக்கட்டும்" என்றார் அக்கா. பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் அக்கா அந்தச் சட்டையோடு வேலைக்கு வந்தார். கான்ட்ராக்டர் வழிமறித்தான்.

"யாருடா இது, மிலிட்டரியா? சல்யூட் அடிக்கணுமா?"

"மேல ஒரு துணி போட்டா உங்களுக்கு இன்னாங்க போகுது?"

"சட்டை போட்ட சித்தாளு எனக்கு வேணாம். கழட்டு, இல்லனா நட." என் பக்கம் திரும்பினான். "பேரை அடி."

அடித்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. புருஷன் இல்லாத வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், அந்தக் கூலியில்தான் உலை கொதித்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன். அக்கா சட்டையைக் கழற்றவில்லை. நடந்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை தளம் போட்டார்கள். தளம் போடும் வேலை பாதியில் நிற்கக்கூடாது; நின்ற இடத்தில் விரிசல் விட்டு மழைக்கு ஒழுகும். கார்த்திகை தீபக் கூட்டம் வருவதற்குள் லாட்ஜைத் திறந்தாக வேண்டும் என்று கான்ட்ராக்டர் பறந்துகொண்டிருந்தான். பெண்கள் பதினோரு பேரும் வழக்கம்போல் வந்தார்கள். கலவை மெஷின் சுற்றியது. தளத்தின் ஒரு மூலையில் கலவை கொட்டியாயிற்று. அப்புறம் எல்லோரும் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சோற்றுப் பையிலிருந்து ஆளுக்கொரு சட்டையை எடுத்து மாட்டினார்கள். காக்கி, பச்சை, யாரோ டிரைவர் போட்டுக் கழித்தது ஒன்று. எல்லாம் பாய் கடைச் சரக்கு. வாசலில் அம்சாக்கா நின்றிருந்தார்.

"அம்சா உள்ள வந்தாதான் சட்டி மேல ஏறும்" என்றார் சரோஜா.

"திமிராடி?" என்று கத்தினான் கான்ட்ராக்டர்.

"இல்லீங்க, சட்டைங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மேலேயிருந்து மேஸ்திரி அலறினார்: "கலவை இறுகுது சார்!"

கான்ட்ராக்டர் மெஷினைப் பார்த்தான், தளத்தைப் பார்த்தான். "ஏறித் தொலைங்கடி" என்றான்.

அம்சாக்கா நேராக என்னிடம் வந்தார். "எழுது தம்பி." நான் கான்ட்ராக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவன் தலையாட்டிய பிறகுதான் எழுதினேன்.

இதனால் ஊர் திருந்திவிடவில்லை. அடுத்த கட்டடத்தில் வேறொரு கான்ட்ராக்டர், மறுபடி அதே சண்டை. ஆனால் இன்று வேங்கிக்கால் பக்கம் எழும்பும் வீடுகளின் சாரங்களைப் பாருங்கள். சட்டை போடாத சித்தாளைத் தேட வேண்டும்.

போன வருடம் இதை ஒரு கதையாக எழுதினேன். சின்னப் பத்திரிகை ஒன்றில் வந்தது. கதையில் வரும் கிளார்க், பேரை அடிக்க மாட்டேன் என்று நோட்டை வீசிவிட்டு வெளியேறுவான். பஸ் ஸ்டாண்டில் வைத்து அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நீ பேரை அடிச்சியே."

குரலில் கோபமில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். இனி எதை எழுத உட்கார்ந்தாலும் அது எதிரில் வந்து நிற்கும், நிற்கட்டும். அம்சாக்கா, இந்தத் தடவை நான் எதையும் மாற்றவில்லை.