சொறிப் பழம் கேட்டவள்

நோய் பிடித்த செடியைக் கண்டால் முகம் மலரும் பிழைப்பு எங்களுடையது. ஆய்வகத்தில் குப்பை கொட்டும் தோழர்களே, இதை வீட்டில் சொல்லிப் புரியவைத்திருக்கிறீர்களா?

எனக்கு வாய்த்தது எலுமிச்சைச் சொறி நோய்ப் பாக்டீரியா. அதில் சில, காப்பர் மருந்துக்குச் சாவதில்லை. அந்தத் தெம்பு பிளாஸ்மிட் என்ற குட்டி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறதா, அதை அடுத்த பாக்டீரியாவுக்கும் கொடுக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

பளபளத்த மாதிரி

விராலிமலைப் பக்கம் செல்லையா அண்ணனின் தோட்டம் முழுக்கச் சொறி. காப்பர் அடித்து அடித்து ஓய்ந்துபோனவர், இந்த வருஷமும் அடங்காவிட்டால் மரங்களை வெட்டிவிடுவதாக இருந்தார். ஆய்வுக்கு மாதிரியாகப் பழம் கேட்டேன். பை நிறையக் கொண்டுவந்தார். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. "சொறிப் பழம் எங்கேண்ணே?" என்றதும் மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆபீசரப் பாக்க வாரப்ப சொறிப் பழத்தையா குடுப்பாக? என்ன தங்கச்சி பேசுறீங்க!"

கடைசியில் நானே போய்ப் பறித்து வந்தேன்.

எல்லாம் முளைத்த நாள்

அந்தப் பழத்துப் பாக்டீரியாவை, காப்பர் பட்டால் சாகும் வேறொன்றோடு கலந்து, தட்டுகளில் தடவினேன். மறுநாள் பார்த்தால் எல்லாம் முளைத்திருந்தன. குதித்துக்கொண்டு போய்க் கடலை மிட்டாய் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். பிறகுதான், காப்பருக்குச் சாகும் வகையை மட்டும் தடவிய, முளைக்கவே கூடாத தட்டிலும் முளைத்திருந்ததைக் கவனித்தேன். தட்டுகளில் கலந்திருக்க வேண்டிய காப்பர் பாட்டிலின் மூடியே திறக்கப்படவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் மென்றபடியே சொன்னார்:

"மிட்டாய் நல்லாயிருக்கும்மா. அடுத்த தடவ காப்பரையும் போட்டுப் பாருங்க."

கேட்காத கொடை

போட்டேன். சாக வேண்டியது ஜம்மென்று வளர்ந்தது! அதன் உள்ளே செல்லையா அண்ணன் தோட்டத்துப் பிளாஸ்மிட்டும் இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவருக்கு என்ன சொல்வது? பயந்துகொண்டே போன் செய்தேன். "இனிமே காப்பர் வேண்டாம்ண்ணே. ஒரு கிருமிகிட்ட இருக்க தெம்ப பக்கத்துல உள்ளதுக்கும் குடுத்துருது. மரத்த வெட்டாதீங்க, சொறிக் கிளைய மட்டும் கவாத்து பண்ணி எரிச்சுப் பாருங்க." அண்ணன் கேட்டார்:

"பக்கத்துத் தோட்டத்துக்காரன் மருந்தடிக்கிற மிஷினக் கேட்டா ரிப்பேருங்குறான். இந்தக் கிருமி கேக்காமயே குடுக்குதா?"

இரண்டே பழம்

மழைக்குப் பிறகு அவரே ஆய்வகத்துக்கு வந்தார். மரங்கள் எல்லாம் நிற்கின்றன, துளிர் சுத்தமாக வந்திருக்கிறது என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு பேப்பர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சொறி விழுந்த இரண்டு எலுமிச்சை.

"தோட்டம் பூராத் தேடி ரெண்டுதான் தங்கச்சி கெடச்சுச்சு. மறந்துபோயி ஜூஸ் போட்டுறாதீங்க!"

சொறிப் பழத்தைப் பரிசாக வாங்கிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, இனி மாதிரிக்கு எங்கே போவது என்று உள்ளுக்குள் புலம்புவதும் எங்கள் தொழிலில்தான் நடக்கும்.