பாணில் ஊற்றாத சப்பெராவி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்தேன். ஊரில் என் தம்பியை ஆமிக்காரர் சோதனைச்சாவடியில் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு வருடமாகியிருந்தது. இருக்கிறானா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் அழவுமில்லை. விஷயம் தெரிந்த ஷிப்ட் ஆட்களையே சிரிக்க வைத்தேன். உள்ளே, பல் பிடுங்க ஊசி போட்ட வாய்போல விறைத்துக் கிடந்தது.

கூட வேலை செய்த ஜோர்ஜியாக்காரன் ஒரு ஞாயிறு மத்தியானம் விருந்து வைத்தான். அவனுடைய நாட்டின் சிவப்பு வைன், சப்பெராவி, வந்திருந்தது. தகப்பன் வீட்டு முந்திரிகைக் கொடியில் காய்த்த திராட்சை. மண்ணுக்குள் புதைத்த தாழியில் ஊறியது. “உலகத்துக்கு வைனைப் பழக்கியதே நாங்கள்தான்” என்றான்.

என்னோடு வந்த ஷிப்ட் அண்ணை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிவந்துபோன பல்லைக் காட்டினார். “வெத்திலை போட்டமாதிரிக் கிடக்கு. மனிசிக்கு என்னத்தைச் சொல்லுறது?”

விருந்து வைத்த வீட்டுக்காரன் எழும்பி நின்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். நாட்டுக்கு, கொடிக்கு, தாய்மாருக்கு. ஒவ்வொன்றுக்கும் கிளாஸ் காலியாக வேண்டும். பிறகு கோதுமை ரொட்டியை, எங்கள் பேச்சில் பாணை, வெட்டி எல்லோர் முன்னும் ஒவ்வொரு துண்டு வைத்தான்.

“இது இறந்தவர்களுக்கு. பெயரைச் சொல்லி, பாணில் கொஞ்சம் ஊற்றுங்கள்.”

அண்ணை தன் ஐயாவின் பெயரைச் சொல்லி ஊற்றினார். அடுத்தது நான். வீட்டுக்காரன் என் தோளில் கைவைத்து, “உன் தம்பிக்கு” என்றான் மெதுவாக.

ஊற்றினால் அவனை நானே சாகக் கொடுத்ததாகிவிடும். ஊற்றாவிட்டால் விருந்து வைத்தவனுக்கு அவமானம். அந்த நெருக்கடியில் இந்த வீரன் செய்தது இதுதான்: பாணை எடுத்து முழுதாக வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

“எடேய், அது செத்தவைக்கடா.”

“பசிக்குதண்ணை.”

வீட்டுக்காரன் இன்னொரு துண்டு வைத்தான். அதையும் தின்றேன். அவன் மூன்றாவதை வெட்டப் போக, அண்ணை அவன் கையைப் பிடித்தார்.

“வேண்டாம். இவன் குடுக்கமாட்டான்” என்று தமிழிலேயே சொன்னார்.

அவனுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. கத்தியை வைத்துவிட்டு என் கிளாஸை நிரப்பினான். “தூரத்தில் இருப்பவர்களுக்கு” என்றான். ஒரே மூச்சில் குடித்தேன். விக்கல் பிடித்துக்கொண்டது.

“ஆரோ நினைக்கினம்” என்றார் அண்ணை, பழக்கத்தில். சொன்னபிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். விக்கல் தானாக நிற்கும்வரை நான் அதைத் தொடவில்லை.