தகட்டில் ஒட்டிய கிருமி

முதலில் கண்டது பாவாடை ஓரத்தில் ஒரு மஞ்சள் ஈரம். வலி இல்லை, காய்ச்சலும் இல்லை. எட்டாம் தரத்துக்கு நுண்ணங்கிகள் (கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்) பாடம் படிப்பிக்கிறவள் நான். குழம்பு சிந்தியிருக்கும் என்று நினைத்துத் துவைத்துப் போட்டேன்.

உடைந்த காலில் உலோகத் தகடு வைத்துக்கொண்டு இதை வாசிப்பவருக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வேலை. ஒரு மழைநாளில் வீடு திரும்பிய முச்சக்கரவண்டி வளைவில் கவிழ்ந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து, உலோகத் தகடு வைத்துத் திருகாணிகளால் பூட்டினார்கள். நான் உள்ளே கிடந்த நேரத்தில் அம்மா வெளியே நின்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். கால் தப்பினால் மகள் பால்குடம் எடுப்பாள் என்று.

தையல் பிரித்துப் பத்து நாள்கூட ஆகாமல் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்துவிட்டது. தையலின் ஒரு முனை இன்னும் காயவில்லை. தண்ணீர் படக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். குடத்தை அம்மா சுமப்பது, நான் ஊன்றுகோல்களோடு பக்கத்தில் போவது என்று முடிவாயிற்று. ஆனால் நேர்த்தி என் பெயரில். குளித்து ஈரச்சேலையோடு வரவேண்டியது நான்தான்.

"கால்ல பொலித்தீன் கட்டிக்கிறேம்மா."

"ஆத்தாகிட்ட போறப்ப பொலித்தீனா? மஞ்சத்தண்ணி பட்டா நல்லதுதான் புள்ள. ஒன்னும் ஆகாது."

லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் வாதாடவில்லை. பீலியில் (மலைத்தண்ணீர் விழும் குழாயில்) தலையோடு குளித்தேன். பூசை முடியும்வரை ஈரத்திலேயே நின்றேன். சந்தோஷமாகவும் இருந்தேன், அதை ஏன் மறைக்கவேண்டும்?

மறுவாரம்தான் அந்த மஞ்சள் ஈரம். காயம் கசிந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். நான் காய்ச்சல் வரும்வரை காத்திருந்தேன்.

டொக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "கிருமி எலும்புவரைக்கும் போயிருக்கு டீச்சர்."

"மருந்து ஏத்தினா சரியாயிருங்களா?"

"ரத்தத்துல இருக்கிறது போகும். தகட்டுல இருக்கிறது போகாது. கிருமியெல்லாம் சேந்து மேல ஒரு படலம் கட்டிக்கும். மருந்து அதுக்குள்ள நுழையாது."

பீலிக் கல்லில் படரும் பாசி நினைவுக்கு வந்தது. நாளெல்லாம் தண்ணீர் விழுந்தாலும் அது போகாது, சுரண்டத்தான் வேண்டும். என் காலையும் சுரண்டினார்கள். தகட்டைக் கழற்றி, செத்த எலும்பை வெட்டியெடுத்து, வெளியே ஓர் உலோகச் சட்டம் பூட்டினார்கள். உள்ளே நுண்ணுயிர்க்கொல்லி (கிருமியைக் கொல்லும் மருந்து) கலந்த எலும்புச் சீமெந்து மணிகளை வைத்தார்கள். மருந்து அதிலிருந்து மெல்லக் கசியுமாம். ஆறு வாரம் கழித்து மணிகளை எடுத்துவிட்டு, என் இடுப்பெலும்பில் கொஞ்சம் சுரண்டி அந்தக் குழியை நிரப்பினார்கள். இடுப்பு வலிதான் அதிகம்.

எலும்புக் குழியில் வைக்கக் கரையும் கண்ணாடித் துகள்கள் இப்போது வந்திருப்பதாக டொக்டர் ஒருநாள் சொன்னார். அவை கிருமியைக் கொன்று, எலும்பு வளர இடம் கொடுத்து, தாமும் கரைந்துபோகும். கிருமி ஒட்டாத பூச்சுள்ள தகடுகளும் உண்டாம்.

"எனக்குக் கிடைக்குங்களா?"

அவர் எக்ஸ்ரே படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரப்பிய எலும்பில் பாதிதான் பிடித்தது. கால் ஓரங்குலம் குட்டையாகிவிட்டது. கடைசியாகப் போனபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்: "கிருமி போயிருச்சுன்னு சொல்லமாட்டேன். தூங்குது. இன்னொரு தடவ சீழ் வச்சா காலை எடுக்கத்தான் வேணும்."

கிருமி எப்படி வந்தது என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் அம்மா என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

"அன்னைக்கி ஆத்தாவுக்குச் செஞ்சதாலதான் கால் தப்புச்சு."

"ஆமாம்மா" என்கிறேன். சொல்லும்போதெல்லாம் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

எனக்கு இப்போது மாதம், வருடம் எதுவும் இல்லை. ஓர் இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரை, அவ்வளவுதான். இது என் கால் என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. இரவல் பொருளைப்போலப் பார்த்துக்கொள்கிறேன். தழும்பைத் தினமும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன்; கிருமி விழித்தால் முதலில் சூடுதான் தெரியுமாம்.

இன்று அந்த இடம் சுடுகிறது. வெயிலில் உட்கார்ந்திருந்தேன், அதனாலும் இருக்கலாம்.

அம்மா தேநீரை வைத்துவிட்டு, "என்னா புள்ள, காலையே தடவிக்கிட்டு இருக்க?" என்று கேட்டார்.

"ஒன்னுமில்லம்மா" என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டேன்.